பட்டனை அழுத்திய பீரங்கி

பீரங்கி குட்மார்னிங் சொன்னால் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஓசூர் சிப்காட்டில் அப்படியொரு குரல் வேறெந்த கம்பெனி கேட்டிலும் கிடையாது.

வேப்பனப்பள்ளிக்காரர். ராணுவத்தில் பீரங்கி சுட்டு ஓய்வு பெற்று, எங்கள் கம்பெனியில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தவர்; பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். லாரி டிரைவரைத் தமிழில் நிறுத்தி, கன்னடத்தில் விசாரித்து, தெலுங்கில் திட்டி உள்ளே அனுப்புவார். குண்டுச் சத்தத்தில் இரண்டு காதும் போச்சு என்பார். ஆனால் எதைக் கேட்டாலும் டாணென்று பதில் வரும். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசிலிருந்த எனக்கு இது பெரிய புதிர். அவர் மனைவிக்குப் புதிரே இல்லை. மனுஷன் வேண்டுமென்றே நடிக்கிறார் என்று அடித்துச் சொல்வார்.

ஊனத்துக்கான பென்ஷன் கேட்டு மனு போட்டிருந்தார். பரிசோதித்துவிட்டு, காது நன்றாகவே கேட்கிறது என்று மறுத்துவிட்டார்கள். பணத்தைவிட, ராணுவமே தன்னைப் பொய்யன் ஆக்கிவிட்டதே என்பதுதான் அவரை அரித்தது. சில நாள் லாரிகள் திட்டு வாங்காமல் உள்ளே போயின.

அங்கே என்னதான் நடந்தது என்று துருவினேன். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

"கேட்டுச்சாண்ணா?"

"எங்க கேட்டுது? டெஸ்ட் பண்ற அந்தம்மா கை மிஷின்மேல போவும். உடனே அழுத்திடுவேன். ஆர்டர் குடுத்தா லேட் பண்ணலாமா?"

பீரங்கிப் பக்கத்தில் எவன் காதை நம்புவான், கையையும் வாயையும் பார்த்துத்தான் வேலையே என்றார். என் புதிர் அவிழ்ந்தது. தலையில் அடித்துக்கொண்டு மேல்முறையீடு எழுதினேன்.

மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். சும்மா இருக்க அவருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தோம். கை பரபரத்தது. கடைசியில், கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சி அழைத்துப் போனேன். கூடவே மனைவியும் வந்தார்.

இந்த முறை பட்டன் அசையவே இல்லை. பிற்பாடு பென்ஷன் கிடைத்தது அதனால்தான். சோதனை முடிந்து ஹெட்போனைக் கழற்றினார்கள். அப்போதும் கண்ணை மூடியபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மனைவி பின்னாலிருந்து கூப்பிட்டார். பிறகு கத்திக் கூப்பிட்டார். அசைவில்லை. முன்னால் வந்து தோளைத் தொட்டதும்தான் கண் திறந்தது.

"ஏங்க, இத்தன வருசமா என் மூஞ்சியப் பாத்துதான் பதில் சொல்லிட்டிருந்தீங்களா?" அந்த அம்மாள் அழுதுவிட்டார்.

ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி பீரங்கி சொன்னார்: "பின்ன, வேற யாரு மூஞ்சியப் பாக்கறது?"