ரொட்டிக்கடையில் வெளிநாட்டு டிவி

கேமராக்காரர் ரொட்டிக்கடை வாசலில் ஸ்டாண்டை ஊன்றியபோது, கடை அலமாரியில் ஒரு துண்டு ரொட்டிகூட இல்லை.

வெளிநாட்டுச் செய்தியாளர் கண்கள் பளபளக்க ஏதோ சொன்னார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் பெண் கடைக்காரரிடம் திரும்பினாள்.

"போரால பொருளாதாரம் எப்படி இருக்குன்னு படம் எடுக்க வந்திருக்காங்க. காலி அலமாரி ரொம்ப நல்லா இருக்காம்."

"ஐயய்யோ! காலையிலேயே எல்லாம் வித்துப்போச்சும்மா!"

உண்மைதான். எல்லையோரம் போர் நடந்தது. மாவும் கரண்டும் நினைத்தபோது வந்து நினைத்தபோது போயின. இருந்தும் அவர் ஒருநாள்கூட அடுப்பை அணைத்ததில்லை. ஆனால் வந்திருப்பது எந்த நாட்டு டிவி? அவருடைய அக்கா குடியேறியிருக்கும் பணக்கார நாட்டு டிவி.

அக்கா தினமும் போன் செய்வாள்.

"ரொட்டி கிடைக்குதாடா? உண்மையைச் சொல்லு."

"தாராளமா கிடைக்குதுக்கா. டிவியைப் பார்த்துப் பயப்படாதே."

"பேசாம நாங்க கிளம்பி வந்துடறோம்டா."

அக்கா சொன்னால் செய்துவிடுவாள். வந்தால் தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் இந்தத் தெருவுக்கு யார் ரொட்டி சுடுவது?

"அவங்களுக்கு டீ கொடுத்து உட்கார வை. நான் இதோ வந்துடறேன்" என்று மனைவியிடம் கிசுகிசுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினார்.

வீடு வீடாகக் கதவைத் தட்டினார். "காலையில வாங்கின ரொட்டியைக் கொஞ்சம் கொடுங்க. படம் எடுத்ததும் திருப்பித் தந்துடறேன்."

"நான் ஒரு கடி கடிச்சுட்டேனே" என்றார் தையல்காரர்.

"பரவாயில்லை, அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்து வச்சுடறேன்."

சற்று நேரத்தில் அலமாரி நிரம்பி வழிந்தது. கடைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு அதன் முன்னால் நின்றார். கேமரா அவரைப் பார்க்கவே இல்லை, தெருவைப் பார்த்தது. அங்கே ரொட்டி கொடுத்தவர்கள் எல்லோரும், போன ரொட்டி திரும்பி வருமா என்ற கவலையோடு ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தார்கள்.

செய்தியாளர் குரலைத் தாழ்த்தி மைக்கில் பேசினார்.

"என்னம்மா சொல்றார்?"

"ரொட்டிக்காக மக்கள் நீண்ட வரிசையில காத்திருக்காங்கன்னு."

கடைக்காரருக்கு வேர்த்தது. "ஏய், வீட்ல இருக்கிற நாற்காலியெல்லாம் கொண்டா! எல்லாரையும் உட்கார வை!"

உட்கார வைத்தார்கள். செய்தியாளரின் குரல் இன்னும் தாழ்ந்தது.

"இப்ப என்ன?"

"நிக்கக்கூடத் தெம்பில்லாம உட்கார்ந்துட்டாங்களாம்."

"அடக் கடவுளே! எல்லாரும் சிரிங்கப்பா! சந்தோஷமா இருங்க!"

தெருவே சிரித்தது. தையல்காரர் சிரித்த சிரிப்பில் நாற்காலியோடு சாய்ந்தார். செய்தியாளர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"துயரத்துல மனசு பேதலிச்சுப் போச்சுன்னு சொல்றார்" என்றாள் மொழிபெயர்ப்பாளர். அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"போதும்! ரொட்டியைக் கொடுத்து அனுப்பிடு!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார் கடைக்காரர். அதுதான் பெரிய தப்பாகிவிட்டது. எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

"அது என்னோடது!" என்று பாய்ந்தார் தையல்காரர். "பாருங்க, என் பல்லு பதிஞ்ச இடம்!"

"உங்க பல்லுன்னு எழுதி ஒட்டியிருக்கா?" என்று மறுமுனையைப் பிடித்து இழுத்தாள் எதிர்வீட்டு நர்ஸ்.

கேமராக்காரர் ஆனந்தமாக நாற்காலி மேல் ஏறி நின்று படம் பிடித்தார். மொழிபெயர்க்கச் சொல்லிக் கடைக்காரர் கேட்கவில்லை. ரொட்டிக்கு அடிதடி என்பது எந்த மொழியில் சொன்னாலும் புரியும்.

அன்று சாயங்காலமே அக்காவிடமிருந்து போன் வந்தது. "பஸ் ஏறிட்டோம்டா. நானும் உங்க அத்தானும்." அவர் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

"டிவில பார்த்துட்டா" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"வந்தா வரட்டும்ங்க. நம்மளைத் தூக்கிட்டா போயிடுவாங்க?" என்றாள் மனைவி. ஆனாலும் மறுநாள் விடியும்முன்பே எழுந்து, வழக்கத்துக்கு இரண்டு மடங்கு மாவு பிசைந்தாள். அலமாரியில் இந்த முறை ஒரு ரொட்டிகூடக் கடன் ரொட்டி இல்லை.

அக்கா வந்தாள். தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுதுகொண்டே அலமாரியைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் அலமாரிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்துவிட்டாள். பின்னாலேயே அத்தான் பஸ்ஸிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தன. கடைசியாகத் தையல் மிஷினும் இறங்கியது.

கடைக்காரர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தான், நியூஸ்ல காட்டினது அத்தனையும் பொய்! நாங்க நல்லா இருக்கோம். எங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க!"

அத்தான் புரியாமல் அவரைப் பார்த்தார்.

"எந்த நியூஸ் மச்சான்? எங்க ஊர் விலைவாசியில டிவியை வித்துச் சாப்பிட்டு மூணு மாசம் ஆச்சு. இங்க ரொட்டி தாராளமா கிடைக்குதுன்னு நீ தினமும் சொன்னதை நம்பித்தான் வீட்டையே காலி பண்ணிட்டு வந்திருக்கோம்!"