மாமு அடித்த கறுப்பு

ராயபுரத்தில் கிறுக்குக்கென்று ஒரு ராஜாங்கம் இருந்திருந்தால், பெயிண்ட் மாமுதான் அதற்கு ராஜா. துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் பிழைப்பு. கப்பல் இல்லாத நாளில் கண்ணில் பட்டதற்கெல்லாம் அடிப்பார்.

சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான், ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்படியுங்கள் என்றார்கள். மாமு எங்கள் சந்து முழுக்க இலவசமாக அடித்தார். அதோடு நில்லாமல் தம் வெள்ளை ஆட்டுக்கும் அடித்தார்.

“இன்னா மாமு, ஆட்டுக்குமா?”

“வெள்ளையா கீதேப்பா! மேலேர்ந்து பளிச்சுனு தெரியும். இத்தால சந்தே காலியாவணுமா?”

சண்டை முடிந்தது. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து ஜன்னலைத் துடைத்தால், கறுப்பு அசையவில்லை. சாம்பல், மண்ணெண்ணெய் எதற்கும் மசியவில்லை. மாமு அடித்தது கப்பலின் அடிவயிற்றுக்குப் பூசும் பெயிண்ட். கடலே கரைக்க முடியாதது. ஊரெல்லாம் வெளிச்சம், எங்கள் சந்தில் மட்டும் சண்டை முடியவில்லை.

ஆளாளுக்கு வைததை வாங்கிக்கொண்ட மாமு, மறுநாள் கப்பல் துருவைச் சுரண்டும் தகடுகளை அள்ளி வந்தார். “முழுசா வராது. எதப் பாக்கணும்னு ஆசையோ, அத மட்டும் சுரண்டிக்கோ.”

ஒருவர் கண்ணாடியில் மீன் வடிவம் சுரண்டினார். ரேஷனில் நொந்த ஒருவர் அரிசி மூட்டை சுரண்டினார். நான் சமாதானப் புறா சுரண்டினேன், எல்லோரும் கோழி என்றார்கள். பொழுது சாய்ந்து விளக்கேற்றியதும் சந்தே தேர்த் திருநாள்போல ஆனது.

பிலோமினா அக்காவின் ஜன்னல் மட்டும் இருட்டு. அவர் புருஷன் கப்பலில் கரி தள்ளப் போனவர். சண்டை முடிந்தும் தகவல் இல்லை.

“அவரு வராம எனுக்கு இன்னாத்துக்கு வெளிச்சம்? போ மாமு.”

மாமு போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். “இன்னா பாக்க ஆசை, அதச் சொல்லும்மா.”

அக்கா கறுப்புக் கண்ணாடியை விரலால் தடவினார். பிறகு, “அவரு மூஞ்சி.”

மாமு தொழுகைத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “மூஞ்சி வரையறது எங்க மார்க்கத்துல ஆவாது. கப்பல நான் போடறேன். மூஞ்சிய நீங்கள்லாம் போடுங்க.”

சந்தே கூடியது. ஒருவர் மீசை, ஒருவர் மூக்கு, காது என் பங்கு. முடிந்தபோது அது யாருடைய முகமாகவும் இல்லை. அக்கா உள்ளே விளக்கேற்றிவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

“ஐயோ மாதாவே, யாரு இந்தாளு? காது மட்டுந்தான் அவருது!”

சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. அது அப்படியே அழுகையாக மாறியது. எங்களுக்கு நிமிரத் தைரியமில்லை.

மாமு மட்டும் கப்பலின் பக்கவாட்டில் தாம் சுரண்டிய கோட்டைத் தொட்டுக் காட்டினார். “இங்க பாரு, தண்ணிக்கோடு. தண்ணிக்கு மேலதான் கீது. நான் போட்ட கப்பல் முயுகாதும்மா.”

அக்காவின் புருஷன் வரவேயில்லை. ஆனால் அக்கா ஒரு நாளும் அந்த ஜன்னலுக்குப் பின்னால் விளக்கேற்றாமல் இருந்ததில்லை. மாமுவும் வேலைவிட்டு வரும்போதெல்லாம் நின்று, அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் சுரண்டி வெளிச்சமாக்கிவிட்டுப் போவார்.

இப்போது ஜெபமாலை முடிந்ததும், எங்கள் வீட்டில் மரித்தவர்களுக்கான வேண்டுதலில் மாமுவையும் சேர்த்துக்கொள்கிறேன். அவருடைய நிஜப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பெயிண்ட் மாமு என்றே சொல்கிறேன். ஆண்டவருக்கு ஆளைத் தெரியும்.