டேங்க் சாமியின் வைர ரட்சை

மைசூரில் ஆயுத பூஜை நெருங்கினால் எலுமிச்சம்பழத்துக்கும் பூசணிக்காய்க்கும் வாழ்வு வந்துவிடும். இந்த வருஷம் அந்த இரண்டையும் ஓரங்கட்டியவர் டேங்க் சாமி. அங்கே விஜயநகர் பகுதியில் ஒரு காலி மனையில் பந்தல் போட்டு உட்கார்ந்தார். என் ரட்சைப் பொடியைத் தடவினால் பைக்கின் பெட்ரோல் டேங்கில் கீறல் விழாது, கல் தெறித்துப் பெயிண்ட் பெயராது என்றார். அவ்வளவுதான்! பைக்குகளின் வரிசை தெருமுனையைத் தாண்டிப் போனது. சிக்னலில் அரை நிமிஷம் நிற்கப் பொறுமை இல்லாத மகாஜனங்கள் இங்கே அரை நாள் வெயிலில் நின்றார்கள். பக்தி அல்லவா!

சாமிக்குக் காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், கண்ணில் கறுப்புக் கூலிங் கிளாஸ். தத்துவமும் கைவசம் இருந்தது.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? கண்ணடி பட்ட டேங்குலதான்யா கல்லடி படும்! கண்ணை அடை, கல்லு வராது!"

முன்னால் போகும் டிப்பர் லாரிக்குத் தார்ப்பாய் போட்டால் கல் வராது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றினால் சாமி எப்படிப் பிழைப்பார்?

அடுத்து அற்புதம். கூட்டத்தில் நின்ற பூ வியாபாரி கெம்பையனிடம் சாவியை வாங்கித் தம்முடைய சொந்த பைக் டேங்கில் ஒரு இழுப்பு இழுத்தார். கோடு விழுந்தது. பிளாஸ்கிலிருந்து தீர்த்தத்தைத் துணியில் ஊற்றினார். ஆவி பறந்தது. துடைத்தார். கோட்டைக் காணோம்!

"அய்யோ மாரே, கோடு ஹோயித்து, போயே போச்சு!" என்று கெம்பையன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தீர்த்தம் ஏன் கொதிக்கிறது என்று அவர் கேட்கவில்லை. சாமியிடம் கேள்வி கேட்டால் கண் போய்விடுமே.

இந்த வரிசையில்தான் அருண்ராஜும் நின்றான். தமிழ்நாட்டு எல்லையோரத்து மார்டள்ளிக் கிராமத்துக்காரன். மைசூரில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வண்டி அவனுடையது அல்ல, பெண்டாட்டியின் அண்ணன் மாதப்பனுடையது. புது பைக் வாங்கிய சூட்டோடு மாதப்பன் வரப்பில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். "கால் கூடற வரைக்கும் நீ ஓட்டு மாப்ளே. ஆனா டேங்குல ஒரு கோடு கண்டேன், வண்டி ஊருக்கு வந்துரும்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருந்தார். வண்டி போனால் வேலை போகும். வேலை போனால் அடுப்பு எரியாது. ரிங் ரோட்டில் ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் அருண்ராஜ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினான்.

சாமியிடம் வெள்ளி ரட்சை, தங்க ரட்சை, வைர ரட்சை என்று மூன்று தரம். பயந்தவன் வைரத்தைத்தானே வாங்குவான்? சாமி சாம்பல் நிறப் பொடியை டேங்கில் கொட்டித் தேங்காய் நாரால் மந்திரம் சொல்லிக்கொண்டே தேய்த்தார். மேலே சந்தனம் பூசி, "மூணு நாள் தண்ணி படக்கூடாது" என்று அனுப்பினார்.

நாலாம் நாள் காலையில் அருண்ராஜின் மனைவி வினிதா சந்தனத்தைக் கழுவினாள். டேங்க் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல்!

அருண்ராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குத்தான் மாதப்பன் ஊரிலிருந்து வருகிறார். வினிதா டேங்க் மூடியோரம் ஒட்டி மிச்சமிருந்த ரட்சையை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

"ஏனுங், இது மண்ணுங்க! பாத்திரம் தேய்க்கற சாம்பல்ல கூட இத்தனை மண்ணு இருக்காது. வாங்க போலாம்." அண்ணனுக்கும் போன் போட்டு நேரே பந்தலுக்கு வரச் சொன்னாள்.

சாமி டேங்கைப் பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை.

"வண்டி யாரோடது?"

"மச்சானோடதுங்க சாமி."

"ஆங்! அந்த ஆளோட கண்ணுதான் உள்ள இருந்து கோடு கோடா வெளிய வருது. சொந்தக்காரன் கண்ணு, லேசுல போகாது. இன்னொரு வைர ரட்சை போடணும்."

அருண்ராஜ் தலையாட்டினான். "நிசந்தானுங்க சாமி. குடுக்கறப்பவே அரை மனசாத்தான் குடுத்தாரு."

வினிதாவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "என்ர அண்ணன் கண்ணா? சரிங்க சாமி, இன்னொருக்கா போடுங்க. அதுக்கு முன்னால உங்க கண்ணாடிக்கும் ஒரு ரட்சை போட்டுரலாம். ஊரு கண்ணெல்லாம் அதுமேலதான இருக்குது?"

சொல்லிக்கொண்டே சாமியின் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டாள். பொடியை அள்ளினாள். நாரை எடுத்தாள்.

"ஏய், ஏய்! தேய்க்காதே! கண்ணாடி பூரா கோடு விழுந்துடும்!" என்று அலறினார் சாமி.

வரிசையில் நின்றவர்கள் முன்னால் நெருங்கினார்கள்.

"கண்ணாடியில விழும், டேங்குல விழாதுங்களா?" என்றாள் வினிதா. கோடு மறைந்த அற்புதத்தை அருண்ராஜ் வீட்டில் சொல்லியிருந்தான்; அதனால் நேரே சாமியின் பைக்கிடம் போனாள். டேங்க் மூடியைச் சுற்றி நகத்தால் தடவினாள். ஓர் ஓரம் எழும்பியது. பிடித்து இழுத்தாள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் சரசரவென்று உரிந்து வந்தது!

"பாருங்க! பெயிண்டு கெடாம இருக்கக் கார் கடையில ஒட்டற தாளு. மேலாகக் கீறி வெந்நீர்ல துடைச்சா இதுல கோடு மறையும். இவரு டேங்குக்குத் தாளு, நம்ம டேங்குக்கு மண்ணு!"

"அய்யய்யோ, நம்ம டேங்கு ஹோயித்தே!" என்று கெம்பையன் தன் வண்டியிடம் ஓடினார். மற்றவர்கள் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்து ஒப்பாரி வைத்தார்கள். அந்தக் களேபரத்தில் சாமி வேட்டியை மடித்துக் கட்டி, பாதி உரிந்த டேங்கோடு பைக்கைக் கிளப்பிப் பறந்தார். கல்லடிக்கு அவரும் பயந்திருக்க வேண்டும்.

கூட்டம் விலகியபோது பின்னால் ஊன்றுகோலோடு மாதப்பன் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ, எல்லாம் கேட்டிருந்தார். டேங்கை ஒரு தடவை தடவினார். கையை நீட்டினார். அருண்ராஜ் சாவியைக் கொடுத்தான்.

"கோடு விழுந்தது கூடப் பெருசில்ல மாப்ளே. என்ர கண்ணுன்னு எவனோ சொன்னான், நீயும் தலையாட்டுனியே. அதுதான் வலிக்குது."

அருண்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்புதானுங்க மச்சான். பயத்துல புத்தி கெட்டுப்போச்சு."

மாதப்பன் ஊன்றுகோலை ஊன்றி அவன் பக்கம் நகர்ந்தார். பிறகு சாவியை அவன் சட்டைப் பையில் போட்டார். "வண்டி ஓடறதுக்குத்தான், பூட்டி வெக்கறதுக்கில்ல. லாரிக்குப் பின்னால ஒட்டி ஓட்டாத. இனிமே சந்தேகம் வந்தா சாமியாரைக் கேக்காத, என்னைக் கேளு."

வினிதா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்போது கெம்பையன் பயபக்தியோடு அருகில் வந்தார். கையில் அந்த உரிந்த பிளாஸ்டிக் தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்டார்.

"இந்தத் தாளை ஒட்டறதுக்கு நல்ல நேரம் எதும்மா? ராகுகாலம் பார்க்கணுமா?"

"முதல்ல கொஞ்சம் யோசிங்கண்ணா" என்றாள் வினிதா. "யோசிக்கறதுக்கு ராகுகாலமே கிடையாதுங்க."