என் வயதை நான் நிரூபித்த விதம்

சேசு மரி சூசை துணை

தோட்டப் பாடசாலை,
றொசல்ல.
17.9.1955

என்றும் என் வணக்கத்துக்குரிய பெரியப்பா மகன், அண்ணன் அந்தோனிமுத்துக் கணக்கப்பிள்ளை அவர்களுக்கு, தம்பி மரியரட்ணம் வாத்தியார் இரு கை கூப்பி எழுதுவது. தேவ கிருபையால் இங்கு நானும் இராசம்மாவும் பிள்ளைகள் இருவரும் சுகம். அக்கரப்பத்தனையில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சளி, காய்ச்சல், அட்டைக்கடி ஏதுமின்றி இருக்க மன்றாடுகிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, அதில் என் தலையைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். அது ஆறு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன், எனக்கு என்ன வயது?

சிரிக்காதீர்கள். நாலு வருஷத்துக்கு முன் நான் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டது உங்களுக்குத் தெரியும். அது கிடைத்தால் எனக்கும் இராசம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த நாடு சொந்தம். கிடைக்காவிட்டால் நாங்கள் எந்த நாட்டுக்கும் ஆகாதவர்கள். இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தவர்கள் போன மாதம் திடீரென்று, கையில் உள்ள பத்திரங்களை எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு விசாரணைக்கு வா என்று கடிதம் அனுப்பினார்கள். நானும் பெட்டியைத் திறந்து, பூச்சி உருண்டை வாசத்தோடு இருந்த மூன்று காகிதங்களை எடுத்து மேசையில் பரப்பினேன், அன்றைக்குப் போனது என் நிம்மதி. தோட்டத்துச் செக்றோல் பேரேட்டு நகலின்படி எனக்கு ஐம்பது வயது. கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தின்படி நாற்பத்துமூன்று. பள்ளிக்கூடச் சான்றிதழின்படி நாற்பது. மூன்றிலும் பெயர் ஒன்று, தகப்பன் பெயர் ஒன்று, ஆள் மட்டும் வேறு வேறு.

பத்திரங்களோடு தோட்டத்து ஆபீசுக்கு, பெரிய கிளாக்கர் செபமாலையிடம் ஓடினேன். அவர் மூன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“வாத்தியாரையா, இதுல கொழம்ப என்ன இருக்கு? ஆபீசுக்கு அம்பது. கோயிலுக்கு நாப்பத்துமூணு. பள்ளிக்கூடத்துக்கு நாப்பது. அவங்கவங்க எடத்துல அவங்கவங்க உண்மை. நீங்க ஏன் எல்லாத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டு வர்றீங்க?”

“அப்ப நான் மூணு தடவ பொறந்தேனா?”

“காகிதப்படி ஆமாங்க.”

அண்ணன், முப்பது வருஷமாக இரண்டும் இரண்டும் நாலு என்று சொல்லிக்கொடுத்தவன் நான். ஆபீசில் நாலு, கோயிலில் ஐந்து, கடைவீதியில் மூன்றரை என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து இராசம்மாவிடம் முறையிட்டால் அவள் அரிசி களைந்துகொண்டே, “எது ஒங்களுக்குப் பிடிக்குதோ அத வச்சுக்கங்க. கல்யாணத்தன்னைக்கு எங்க அய்யாகிட்ட ஒரு வயசு சொன்னீங்களே, அது இதுல எதுலயுமே இல்லையே” என்கிறாள். அந்த நாலாவது வயதைப் பற்றி நான் இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை.

மனிதன் ஒரு தடவைதான் பிறக்கிறான், அதனால் ஒரு வயதுதான் சரி, அதைப் புத்தியைக் கொண்டு கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். பள்ளி விட்டபிறகு கரும்பலகையில் எல்லாவற்றையும் எழுதினேன். செக்றோல் பொய். எட்டு வயதில் என்னை, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக்குக் கூட்டிப்போன அய்யா, பேர் பதிய வேண்டும் என்பதற்காகப் பன்னிரண்டு என்று சொன்னார், கங்காணி என்னை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். ஞானஸ்நானப் புத்தகமும் பொய். அந்தக் காலத்தில் சுவாமியார் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் மலையேறி வருவார், வந்தால் வரிசையாக எல்லாப் பிள்ளைகளுக்கும் தண்ணீர் ஊற்றி, பிறந்தது மூன்று நாள் முன்பு என்று எழுதிவிடுவார். அன்றைக்கு ஒன்பது பிள்ளைகள், ஒன்பதும் ஒரே நாளில் பிறந்ததாகப் புத்தகம் சொல்கிறது. அப்படி மூன்று நாள் குழந்தையான நான் கோயிலுக்கு நடந்து போய்ச் சுவாமியாரின் விரலைக் கடித்ததாக அம்மா சொல்லுவார். பள்ளிச் சான்றிதழோ, எனக்குப் படிப்பு வயது கடந்துவிட்டதென்று அப்போதைய தலைமை வாத்தியார் இரக்கப்பட்டுக் குறைத்தது. ஆக மூன்றும் தள்ளுபடி. மிச்சம் அம்மாவின் பேச்சு. ஐந்தாம் லயத்து வீடுகளை மண்சரிவு அடித்துப்போனபோது நான் எட்டு மாதம் வயிற்றில் இருந்தேன் என்று சாகும்வரை சொன்னார். மண்சரிவு 1909 ஆடியில் என்று தோட்டத்துப் பழைய புத்தகத்திலேயே இருக்கிறது. ஆகவே நான் பிறந்தது 1909 ஆவணி. வயது நாற்பத்தாறு. கரும்பலகையின் அடியில் இரண்டு கோடு போட்டேன். அண்ணன், அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எனக்கு என்ன வயது என்று எனக்குத் தெரிந்தது.

இந்தச் சந்தோஷத்தோடு போன திங்கட்கிழமை நானும் இராசம்மாவும் றொசல்லயில் ரயில் ஏறி, நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்து நுவரெலியா போய்ச் சேர்ந்தோம். எனக்கு முன்னால் நம் தோட்டத்துப் பழனியாண்டி உள்ளே போனார். தலை பஞ்சாக நரைத்த மனிதர். கையில் ஒரே ஒரு காகிதம், அதுவும் செத்துப்போன அவருடைய தம்பியுடையது. “வயசு நாப்பத்தொண்ணுங்க தொரை” என்று அவர் போட்ட சத்தம் வெளியே எங்களுக்கே கேட்டது. ஐந்து நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அடுத்தது நான். அதிகாரி இளவயதுக்காரர், நல்ல மரியாதையான ஆள். அவர் சிங்களத்தில் கேட்க, பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார்.

“மூணு பத்திரத்துலயும் மூணு வயசு இருக்கு. எது சரி?”

“ஒண்ணும் சரியில்லைங்க ஐயா. மூணுமே பொய்” என்றேன். இராசம்மா பின்னாலிருந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. ஒவ்வொன்றும் ஏன் பொய் என்று, வகுப்பில் விளக்குகிற மாதிரி, படிப்படியாக விளக்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவ்வளவு கவனமான மாணவன் எனக்குக் கிடைத்ததே இல்லை.

“அப்ப நீங்களே குடுத்த பத்திரம் எல்லாம் பொய்யின்னு நீங்களே சொல்றீங்க?”

“ஆமாங்க.”

“அப்ப எத வச்சு நாப்பத்தாறுன்னு சொல்றீங்க?”

“புத்திய வச்சுங்க ஐயா.”

அவர் பக்கத்து ஆளிடம் ஏதோ சொன்னார். அந்த ஆள் கொஞ்சம் சங்கடப்பட்டுத்தான் என்னிடம் சொன்னார்: “அதுல முத்திர குத்தியிருக்கான்னு கேக்குறாருங்க.”

அண்ணன், பொய் சொன்ன பழனியாண்டி ரயிலில் முறுக்குத் தின்றுகொண்டு வந்தார். உண்மை சொன்ன நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன். பாதி வழி வரைக்கும் இராசம்மா என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள், பேசாமல் இருந்ததே மேல். இனி உள்ளது ஒரே வழி. ஒரு மாதத்துக்குள், என் பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினர் ஒருவர் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தால் அந்த அதிகாரி மனுவை மறுபடி பார்ப்பாராம். நம் குடும்பத்தில் மிச்சம் இருக்கிற மூத்தவர் நீங்கள் ஒருவர்தான். தயவுசெய்து முடித்து அனுப்புங்கள். ஆனால் ஒன்று. தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், ஒரு எழுத்துக்கூடப் பொய் வேண்டாம். ஆளுக்கொரு உண்மை என்று செபமாலை சொல்லட்டும், ஊரே சொல்லட்டும். நாம் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நடந்தது ஒன்றுதான் நடந்தது. அதைக்கூட விட்டுவிட்டால் நம்மிடம் வேறு என்ன இருக்கிறது?

அண்ணிக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் எல்லோரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் பணிவுள்ள தம்பி,
எஸ். மரியரட்ணம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இராசம்மா, “அது சரி, ஒங்க அண்ணனுக்கு என்னங்க வயசு?” என்று கேட்டுத் தொலைத்தாள். பெரியம்மா உங்களைப் பெற்றது இங்கே தேயிலைப் பெக்டரியில் புகைபோக்கி கட்டின வருஷம் அல்லவா? சின்னவனை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னேன். புகைபோக்கியில் 1911 என்று செதுக்கியிருக்கிறதாம். மூன்று தடவை கணக்குப் போட்டேன். நான்தான் உங்களுக்கு இரண்டு வயது மூத்தவன். நாற்பது வருஷமாக உங்களை அண்ணன் என்று கூப்பிட்டிருக்கிறேன், நீங்களும் வாய் கூசாமல் “என்ன தம்பி” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிறந்ததை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது.

இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மூத்தவள் பெற்றீசியா பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, “அப்பா, நீங்க இந்த நாட்டு ஆள் இல்லேன்னா நான் யாரு?” என்று கேட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அவளைப் படுக்க அனுப்பிவிட்டு வெள்ளைக் கடதாசி ஒன்றை எடுத்தேன், அண்ணன்.

ஆகவே மேலே, ஒரு எழுத்துக்கூடப் பொய் வேண்டாம் என்று எழுதிய பத்தியைக் கிழித்துவிடுங்கள். பதினோரு வயதிலேயே நீங்கள் நல்ல உயரம் என்று பெரியப்பா பதினெட்டு போட்டு உங்கள் பேரைப் பதிந்தார், அதனால் செக்றோலில் உங்களுக்கு ஏழு வயது கூடுதல். அதற்கு முத்திரை இருக்கிறது. அதன்படி நான் பிறந்தபோது உங்களுக்கு ஐந்து வயது. கொட்டுகிற மழையில் மருத்துவச்சியைக் கூப்பிட நீங்கள்தான் ஓடினீர்கள் என்று சத்தியக் கடதாசியை நானே அழகாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீதவான் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். இந்த ஒரு மாதம் மட்டும் எனக்கு அண்ணனாக இருந்துவிடு, தம்பி.