வால் பாக்கி

இந்த வீட்டில் நாயா நானா என்று பார்த்துவிடுவதென்று முடிவு செய்தேன். தபால் அலுவலகத்தில் நான் ஓர் அதட்டு போட்டால் நாலு கவுண்டரும் கப்சிப். வீட்டில் அதட்ட ஆள் கிடையாது. இருப்பது மனைவி மட்டும்தான்.

எதிர் வீட்டுப் பல் டாக்டர் இரண்டு நாய்க்குட்டிகளைத் தருவதாகச் சொன்னதிலிருந்து அவள் ஒற்றைக் காலில் நின்றாள். எனக்கு எண்ணெய் வண்ணத்தில் படம் வரையும் வழக்கம் உண்டு. அதை வைத்தே மடக்கினேன்.

"நாய்தானே வேணும்? நானே வரைஞ்சு ஹால்ல மாட்டறேன். மேஜை, பழத்தட்டு, பக்கத்துல ரெண்டு நாய். குரைக்காது, சோறும் கேக்காது."

"சரிங்க. ஆனா பாக்காம வரைஞ்சா கழுதை மாதிரி வந்துடுமே?"

போன வருஷம் நான் வரைந்த குதிரையை மனதில் வைத்துச் சொல்கிறாள்.

"அப்ப மாதிரிக்குக் கொண்டு வா. படம் முடிஞ்ச அன்னைக்கே ரெண்டும் திரும்பிப் போயிடணும்."

"முடிஞ்ச அன்னைக்கே," என்றாள். இவ்வளவு சீக்கிரம் அவள் ஒப்புக்கொண்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

குட்டிகள் வந்தன. ஒன்று, நான் வரைய வைத்திருந்த பேரிக்காயைத் தின்றது. இன்னொன்று என் சாய்வு நாற்காலியில் ஏறித் தூங்கியது. போஸ் நன்றாக இருக்கவே அப்படியே வரைந்தேன். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடத் தூரிகையை எடுத்தேன்.

மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "பிரமாதம். அந்த வால் மட்டும்..."

"வாலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. டாக்டர் பாத்தா கரண்டின்னு நினைப்பார். நினைச்சா நினைக்கட்டும், நீங்க கையெழுத்தைப் போடுங்க."

எந்தக் கலைஞன் போடுவான்? வாலைச் சுரண்டினேன். எண்ணெய் வண்ணம் காயப் பத்து நாள். அப்புறம் காது. அதற்கும் பத்து நாள். அதற்குள் குட்டிகள் ஒரு சாண் வளர்ந்துவிட்டதால், நாய்கள் மறுபடி முதலிலிருந்து.

மூன்றாவது மாதம் எனக்குப் பொறுமை போயிற்று. "படம் முடியுதோ இல்லையோ, நாளைக்கு ரெண்டையும் டாக்டர்கிட்ட விட்டுட்டு வா."

"அவர் குட்டிங்களைக் கொடுத்த அன்னைக்கே தட்டு, பெல்ட் எல்லாம் கொடுத்தனுப்பிட்டாருங்க. இனிமே திரும்பி வராதுன்னு நான்தான் சொன்னேன்."

"படம் முடிஞ்ச அன்னைக்கேன்னு எனக்கு வாக்குக் கொடுத்தியே?"

அவள் பரணைக் காட்டினாள். பதினாலு படங்கள். பூ இல்லாத ஜாடி, கால் இல்லாத குதிரை, மூக்கோடு நின்றுபோன என் மாமியார்.

"பன்னிரண்டு வருஷத்துல ஒண்ணாவது முடிச்சிருக்கீங்களா? அந்த தைரியத்துலதான் கொடுத்தேன்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்றே முடிக்கிறேன் பார் என்று தூரிகையோடு உட்காரப் போனேன். நாற்காலியில் நாய்.

"எழுப்பாதீங்க, போஸ் கெட்டுடும்," என்றாள் மனைவி. "நீங்க நின்னுக்கிட்டே வரையுங்க."