'கவ்வாத்து' யோகேஸ்வரன்

நாவலாசிரியர்களில் இரண்டு வகை உண்டு. நாவல் எழுதுகிறவர்கள் முதல் வகை. வீட்டில் ஏதோ ஒரு மூலையில் கிடப்பார்கள், அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை, அவர்களை விட்டுவிடுவோம். நாவல் எழுதிவிட்டவர்கள் இரண்டாம் வகை. எழுதியது ஒன்றே ஒன்றாக இருக்கும். அதற்குப் பிறகு நாவலைத் தவிர மற்ற எல்லாம் செய்வார்கள். பிறர் நூலை வெளியிடுவார்கள், பிறர் வெளியிட்ட நூலின் முதற்பிரதியைப் பெறுவார்கள், குத்துவிளக்கில் மூன்றாவது திரியை ஏற்றுவார்கள், விவாதப் போட்டிக்கு நடுவராக இருந்து இரண்டு அணியையும் விட அதிக நேரம் பேசுவார்கள். இந்த இனத்தைக் கண்டதே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஏதாவது ஒரு மண்டபத்துக்குள் தலையை நீட்டிப் பாருங்கள். முன்வரிசையில், சால்வையை அடிக்கடி சரிசெய்துகொண்டு, தன் பெயர் எப்போது வரும் என்று நிகழ்ச்சி நிரலைத் தடவிப் பார்த்தபடி ஒருவர் இருப்பார். அவரேதான்.

நமக்கு வாய்த்தவர் கந்தப்பளை யோகேஸ்வரன் மாஸ்டர். பதினோரு வருடங்களுக்கு முன்னால் 'கவ்வாத்து' என்று ஒரு நாவல் எழுதினார். சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்கி, புதிதாகத் தளிர்க்க விடும் வேலைக்குத் தோட்டத்தில் கவ்வாத்து என்று பெயர். நல்ல நாவல். இதில் கேலி எதுவும் இல்லை. மூன்று வருடம் உட்கார்ந்து எழுதினார், கேட்டுக் கேட்டு எழுதினார், எழுதியதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். ஒரு பரிசும் கிடைத்தது. கிடைத்த அன்றோடு பேனா மூடப்பட்டு, சட்டைப் பையில் வெளியே தெரியும்படி குத்தப்பட்டது.

அதன் பிறகு அவர் வெறும் யோகேஸ்வரன் இல்லை, 'கவ்வாத்து' யோகேஸ்வரன். சுவரொட்டியில் அப்படி, கல்யாணப் பத்திரிகையில் அப்படி, மைத்துனருடைய முச்சக்கர வண்டியின் பின்கண்ணாடியிலும் அப்படி. இதுவரை நாற்பத்து மூன்று நூல்களுக்கு முன்னுரை வழங்கியிருக்கிறார். எல்லாம் ஒரே முன்னுரைதான், பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஒருமுறை மாற்ற மறந்துவிட்டதில் ராகலைக் கவிஞரின் நூலில் கொத்மலைக் கவிஞர் பாராட்டப்பட்டார். இருவரும் தனித்தனியே நன்றி சொன்னார்கள். 'நாவல் எழுதுவது எப்படி' என்று ஹட்டனில் பயிற்சிப் பட்டறை நடத்துகிறார். யூடியூபில் 'மலைமுகட்டில் மாஸ்டர்' என்று ஒரு சேனல் வைத்திருக்கிறார். ராகலையில் ஒரு சலூனைக்கூடத் திறந்து வைத்திருக்கிறார். ஏன் அவரை அழைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "வெட்டுறதப் பத்தி எழுதுனவருதானுங்களே?" என்றார் சலூன்காரர்.

அடுத்த நாவல்?

"எழுதிக்கிட்டிருக்கேன். களம் பெருசு."

களம் மிகப் பெரியது என்பதால் அதில் இன்னும் ஓர் எழுத்தும் விழவில்லை. நாவலை அந்நாளில் டைப் அடித்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி பூரணி டீச்சர். அவருக்கு இந்தப் பெரிய களத்தில் நம்பிக்கை போய்ப் பல வருடமாகிறது.

"கவ்வாத்து வெட்டுன மலையே மூணு நாலு மாசத்துல தளிர் விட்ருதுங்க. நீங்க பதினோரு வருசமா மொட்டையாவே நிக்கிறீங்க."

"படைப்பு மனசுன்னா என்னான்னு ஒனக்குத் தெரியுமா பூரணி?"

"எனக்கென்னங்க தெரியும்? டைப் அடிச்சது மட்டுந்தானே நானு."

இனி மாயாண்டிக்கு வருவோம். அந்த நாவலின் கதை அவருடைய கதை. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுவதில் அவர் கைக்கு ஈடில்லை என்று இருந்த காலம் ஒன்று உண்டு. இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு, மழையே இல்லாத ஒரு மாசி மாதத்தில், தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரை மூன்றாம் நம்பர் மலையின் தேயிலைச் செடிகளை அடியோடு வெட்டச் சொன்னார். "வேர்ல சத்தில்லைங்க தொர, மழ வரட்டும். இல்லாட்டி மூச்சுவிடச் செடிக்கொரு கெளையாச்சும் விட்டு வெட்டுறோம்" என்று மாயாண்டி கெஞ்சினார். கேட்கவில்லை. வெட்டினார்கள். மலை முழுவதும் காய்ந்து விறகாயிற்று. வெட்டியவர்கள் பிழையாக வெட்டிவிட்டார்கள் என்று துரை மேலிடத்துக்கு எழுதிப் போட, மாயாண்டிக்கு வேலை போனது. அது போனால் போகட்டும். 'மலையக் கொன்ன மாயாண்டி' என்று ஒரு பெயர் வந்ததே, அதுதான் போகவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிள்ளைகள் சண்டை போட்டால்கூட அவருடைய பேத்தியைப் பார்த்து, "போடி, மலையக் கொன்ன வூட்டுக்காரி" என்பார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதிய ஒரே இடம் 'கவ்வாத்து'. ஆனால் லயத்தில் அதை யார் வாசித்தார்கள்? மாயாண்டிக்கே வாசிக்க வராது. பூரணி டீச்சர் வாசித்துக் காட்டியதுதான். ஆகவே, நாவல் படமாகப் போகிறது என்று யோகேஸ்வரன் வந்து சொன்னபோது மாயாண்டி அழுதேவிட்டார்.

"தம்பி, அந்தத் தொர சொன்னதும் நா கெஞ்சுனதும் படத்துல வருமாங்க?"

"அதாண்ணே கதையே! தோட்டமே பாக்கப் போவுது பாருங்க."

அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு மாயாண்டி லயம் லயமாகச் சொல்லித் திரிந்தார். கோயில் திருவிழாவுக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துத் தோய்த்து வைத்தார்.

இயக்குநர் கொழும்பிலிருந்து வந்த விஜிதரன். மூன்று பாட்டுக்குக் காணொளியும் ஒரு சவர்க்கார விளம்பரமும் எடுத்த அனுபவசாலி. தயாரிப்பாளர் சுவிஸில் இருக்கிறார். திரைக்கதை நூற்றுப் பதினெட்டுப் பக்கம் வட்ஸ்அப்பில் வந்து இறங்கியபோது யோகேஸ்வரன் கொத்மலைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார், நடுவர் வேலையாக. முதல் பக்கத்தைத் திறந்தார். தன் பெயர் இருந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். எழுத்துப் பிழை இல்லை. திருப்தியோடு மூடிவிட்டு, 'அருமை, தொடருங்கள்' என்று பதில் போட்டார். இந்த இனத்தின் வாசிப்பு முறை இதுதான்: தன் பெயர் வரும்வரை வாசிப்பார்கள், வந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

படத்தின் பூசை ஒரு பௌர்ணமிப் போயா தினத்தன்று காலையில், தோட்டத்து மைதானத்தில். லீவு நாள் என்பதால் தோட்டமே திரண்டிருந்தது. வெள்ளைச் சட்டையில் மாயாண்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேத்தி பக்கத்தில். மேளம் கொட்டியது. மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து காக்கிச் சட்டை போட்ட நாற்பது மாணவிகள் இடது வலது என்று நிலம் அதிர நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவள் கையில் வெள்ளிக் காகிதம் சுற்றிய ஒரு வாள்.

"டீச்சரம்மா, இது என்னாங்க, சுதந்திர தின ஊர்வலமா?" என்றார் மாயாண்டி.

பூரணி கணவரைப் பார்த்தார். கணவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் பெருமையோடு ஓடி வந்தார்.

"எப்பிடி சேர்? உங்கட தலைப்பையே பிடிச்சுக்கொண்டு போனம். கவாத்து எண்டா படைப் பயிற்சி, அணிநடை. அகராதியில தெளிவாப் போட்டிருக்கு. நீங்க ஒரு 'வ்' கூடப் போட்டிருந்தீங்க, அச்சுப்பிழை எண்டு திருத்திட்டம்."

"தம்பி, அது வந்து..."

"பெரட்டுக் களம் எண்டு வேற எழுதியிருந்தீங்க. அணிவகுப்பு மைதானம்! எல்லாம் அச்சாப் பொருந்துது சேர்."

"பெரட்டுன்னா காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற எடந் தம்பி" என்றார் பூரணி. "அப்ப கவ்வாத்துக் கத்தி?"

"அதுதான் டீச்சர் அந்த வாள். தோட்டத்துப் பிள்ளை ஒண்டு அகில இலங்கை அணிநடைப் போட்டியில முதலாமிடம் எடுக்குது. இப்ப விளையாட்டுப் படந்தான் ஓடுது. முழுக்க எழுதி அனுப்பினனே? சேர் அருமை எண்டு போட்டாரே!"

யோகேஸ்வரன் சால்வையைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தார். 'இது செடி வெட்டுகிற வேலை, கதையைத் தலைகீழாக்கியிருக்கிறீர்கள், நிறுத்துங்கள்.' சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்தது. அப்போது பதாகை கண்ணில் பட்டது. இருபதடி நீளம். 'மூலக்கதை' என்று போட்டு அவர் பெயர், நாயகியின் பெயரைவிட ஒரு விரற்கடை பெரிதாக. விஜிதரனின் கைத்தொலைபேசியில் சுவிஸ் தயாரிப்பாளர் நேரலையில் கையசைத்துக்கொண்டிருந்தார். நாக்கு நுனிவரை வந்தது மெல்ல உள்ளே இறங்கியது.

மாயாண்டிக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியும் சத்தம் போடவில்லை. யோகேஸ்வரன் மேடைப் படியில் கால் வைத்தபோது சால்வை நுனியைப் பிடித்தார்.

"தம்பி, படம் எப்புடியோ போகட்டும். மைக்கு இப்ப உங்க கையில வருது. தோட்டமே உக்காந்திருக்கு. மூணாம் நம்பர் மலைய நா கொல்லலேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிப்புடுங்க. எனக்கு அது போதும்."

"என்னண்ணே நீங்க, இது கூடச் செய்ய மாட்டேனா?"

உண்மையாகவே செய்ய நினைத்துத்தான் சொன்னார். அதைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் மைக் என்பது இந்த இனத்துக்கு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா? கையில் வந்ததும் முதுகு நிமிர்ந்தது. குரல் அடிவயிற்றுக்கு இறங்கியது.

"பெரியோர்களே! கவாத்து என்பது வெறும் சொல்லல்ல, குறியீடு! படைக்கும் கவாத்து, பயிருக்கும் கவாத்து! ஒழுங்கில்லாத படையும் தோற்கும், ஒழுங்கில்லாத செடியும் தோற்கும்! இந்த உட்பொருளை உணர்ந்த ஒரே இயக்குநர் தம்பி விஜிதரன்!"

கைதட்டல். விஜிதரனே ஆச்சரியத்தோடு தட்டினார். கைதட்டலுக்குப் பிறகு இன்னும் உயரமான ஒரு வாக்கியம் வேண்டும். வேண்டுமல்லவா? முன்வரிசையில் வெள்ளைச் சட்டை தெரிந்தது.

"இதோ, என் கதையின் கரு, மாயாண்டி அண்ணன்! கை தட்டுங்கள்! வெட்டுகிற கை தவறினால் ஒரு மலையே செத்துப்போகும். அந்த ஒரு தவறுக்காக வாழ்நாளெல்லாம் நெஞ்சுருகிய ஏழைத் தொழிலாளியின் கண்ணீர்க் காவியமல்லவா என் நாவல்!"

வாக்கியம் உயரமாகத்தான் இருந்தது. 'தவறினால்' என்றதும் 'தவறுக்காக' தானே வந்து ஒட்டிக்கொண்டது, 'கண்ணீர்' என்றதும் 'காவியம்' ஓடி வந்தது. நாவலில் எழுதியிருப்பது இதற்கு நேரெதிர் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. அந்த நாவலைப் பற்றிப் பதினோரு வருடம் பேசியவர் அவர். வாசித்துப் பதினோரு வருடமாகிவிட்டது.

கைதட்டல் மைதானத்தைச் சுற்றி வந்து எதிர்மலையில் மோதித் திரும்பியது. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "அப்பக் கொன்னது நெசந்தான்டி. மாஸ்டரே சொல்லிட்டாருல்ல."

யோகேஸ்வரன் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தார். முன்வரிசையில் இரண்டு கதிரைகள் காலியாக இருந்தன.

"மாயாண்டியண்ணன் எங்க? ஒரு படம் எடுத்துக்குவோமே?"

பூரணி வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியை வைத்துவிட்டு, அலுமாரியிலிருந்து 'கவ்வாத்து' நாவலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"நேரம் இருந்தா இந்தப் புத்தகத்த ஒரு தடவ வாசிச்சுப் பாருங்க. நல்லா எழுதியிருக்காரு. மாயாண்டி அண்ணன் பக்கத்துல நின்னு எழுதியிருக்காரு. யாரோ நல்ல மனுசன் போல."

யோகேஸ்வரன் வாசித்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், உண்மையாகவே வாசித்தார். துரை கத்துகிற பக்கம் வந்தது, மாயாண்டி கெஞ்சுகிற பக்கம் வந்தது. புத்தகத்தை மூடினார். நாளைக்கே சேனலில் ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். சேனலைத் திறந்தார். அங்கே ஏற்றியிருந்த அந்தப் பேச்சை அதற்குள் ஆறாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். 'கண்ணீர்க் காவியம்' என்ற இடத்துக்கு மட்டும் நானூறு பேர் உருகிக் கருத்துப் போட்டிருந்தார்கள். ஆறாயிரம் பேரிடம் போய் எப்படிச் சொல்வது? பார்த்துச் செய்யலாம் என்று வைத்தார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வாரம் கந்தப்பளை பஜாரில், ஹிஷாம் நானாவின் கடை வாசலில் மாயாண்டி எதிரே வந்தார். யோகேஸ்வரன் முந்திக்கொண்டு, "என்னண்ணே, கோவமா?" என்றார்.

"கோவமெல்லாம் என்னாங்க சேர்" என்றார் மாயாண்டி. "நீங்க பெரிய ஆளு. எனக்கு மாவு வாங்கணும்."

மாயாண்டி வாயிலிருந்து 'தம்பி' போய் 'சேர்' வந்ததை மரியாதை கூடியதாக யோகேஸ்வரன் எடுத்துக்கொண்டாரா, இல்லையா? அவரைத்தான் கேட்க வேண்டும். முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டு போங்கள்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? நாம் நாவல் எழுதவில்லையே, நமக்கென்ன என்றா? இந்த இனத்தில் சேர நாவல் கட்டாயமில்லை. என்றோ ஒருநாள் யாருக்காகவோ ஒரு நல்ல காரியம் செய்து, அன்றிலிருந்து அதைச் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும். உங்களிடமும் அப்படி ஒரு கதை இருக்கும். கடைசியாக அதைச் சொன்னது எங்கே என்று நினைத்துப் பாருங்கள். எல்லாரும் நன்றாகக் கேட்டார்கள், சரி. அந்தக் கதைக்கு உரியவர் அன்று அங்கே இருந்தாரா? முடியும்வரை இருந்தாரா?