கண்ணாடிக்குள் போன முள்ளம்பன்றி

ஒரு காட்டில் கணினி வரலாற்று அருங்காட்சியகம் ஒன்று இருந்தது. மற்ற காடுகளில் குளம் இருக்கும். இந்தக் காட்டிலும் இருந்தது. அதைத் தூர்த்துத்தான் இதைக் கட்டினார்கள்.

அதே காட்டில் செங்கமலம் என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்துவந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது ஒரு வளை மட்டும்தான். இரண்டு மழைக்காலம் இருவருமாகத் தோண்டிய வளை. ஒருநாள் காலை காகம் வந்து அதன் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியது. ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கையையும் அவளிடமே கேட்டு வாங்கிக்கொண்டது. 'இது ஆளில்லாத வளை. பெருச்சாளி குழந்தைவேலு கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். ஆட்சேபணை இருந்தால் இன்று மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கவும்.'

செங்கமலம் வளைப்பதிவு அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே ஆந்தைதான் அதிகாரி. பகல் வேலைக்கு ஆந்தையை யார் போட்டார்களோ, அவர்களுக்கே வெளிச்சம்.

"சார், நான் இருக்கேன் சார்!"

ஆந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து கணினியைப் பார்த்தார். "இல்லையேம்மா."

"உங்க முன்னாடிதானே நிக்கிறேன்?"

"முன்னாடி நிக்கிறது வேற, சிஸ்டத்துல இருக்கிறது வேற. பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து புதுசுக்கு மாத்தினப்போ, முள்ளு இருக்கிற பிராணிங்க பக்கத்தை மட்டும் குத்துமோன்னு விட்டுட்டாங்க. பழசு மியூசியத்துல இருக்கு. அதுல ஒரு பிரிண்ட் எடுத்துக் கொண்டா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திறந்த கண்ணையும் மூடிக்கொண்டார்.

அருங்காட்சியகத்தின் காப்பாளர் ஆராவமுதன் என்ற மரநாய். டை கட்டியிருந்தார். "கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதும்மா. செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க" என்றார்.

"நான் செருப்பே போடறதில்லீங்க."

"அப்ப ஒரு நிமிஷம் வெளியே நின்னுட்டு வாங்க. கழட்டின மாதிரி இருக்கும்."

நின்றுவிட்டு வந்தாள். ஆராவமுதன் ஒவ்வொன்றாக விளக்கினார். ஒரு கறுப்புத் தகட்டைக் காட்டி, "இதுல நாலு விலங்கோட பேர் கொள்ளும். யானைன்னா மூணுதான்" என்றார். செங்கமலத்துக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மூன்றாவது கூடத்தில், கண்ணாடி அறைக்குள், அலுவலகத்தின் பழைய கணினி இருந்தது. மேலே பிளாஸ்டிக் உறை, நெற்றியில் ஆயுத பூஜைச் சந்தனம், விசைகளுக்கு இடையில் ஒரு பொரி.

"இது ஓடுமா?"

"பிரமாதமா ஓடும். அதனாலதான் ஓட்டறதில்லை."

"ஒரே ஒரு பிரிண்ட்டுங்க. அஞ்சு மணிக்குள்ள குடுக்கலேன்னா என் வளை போயிடும்."

"பார்வையாளர் தொடக்கூடாதும்மா." சொல்லும்போதே ஆராவமுதனுக்கும் கண் கலங்கிவிட்டது. டையால் துடைத்துக்கொண்டு, சுவரில் இருந்த விதிப்பலகையைக் காட்டினார்.

செங்கமலம் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தாள். "அந்த பிரிண்டர் மட்டும் கம்ப்யூட்டரைத் தொட்டுக்கிட்டு இருக்கே?"

"அது காட்சிப்பொருள். காட்சிப்பொருளுக்கு விதி கிடையாது."

"காட்சிப்பொருள் ஆகறதுக்கு ஃபாரம் இருக்குதுங்களா?"

இருந்தது. ஃபாரம் இல்லாதது எது? பொருளின் பெயர்: மனுதாரர். காலம்: பழையது. பயன்பாடு: கணினி முன் வரிசையில் நிற்பது. நிலை: சில முட்கள் உதிர்ந்துள்ளன, மற்றபடி ஓடும். ஆராவமுதன் சந்தோஷத்தில் இரண்டு முறை சீல் குத்தினார். அவளை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினார்.

வளையைப் பதிவுசெய்யப் பதினோரு வருஷம் இந்தக் கணினி முன்னால் வரிசையில் நின்றவளுக்கு ஓட்டத் தெரியாதா? உறையை எடுத்து மடித்துவைத்தாள். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினாள். கணினி உறுமிக்கொண்டு எழுந்தது. பிரிண்டர் போட்ட கூச்சலில் சுற்றுலா வந்த அணில்கள் சிதறி ஓடின. 'செங்கமலம், முள்ளம்பன்றி. வளை எண் 212. சொந்தம்.' அவள் தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். மூன்று இடத்தில் கிழிந்தது.

"கதவைத் திறங்க, நேரமாச்சு!"

"காட்சிப்பொருளை வெளியே அனுப்பக்கூடாதேம்மா. இப்ப அந்தப் பேப்பரும் காட்சிப்பொருள்."

செங்கமலம் கண்ணாடியில் முட்டிக்கொண்டு அழுதாள். ஆராவமுதன் உண்மையில் நல்லவர். பொறுக்கமாட்டாமல் ஆந்தைக்கு ஃபோன் போட்டார். ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆந்தை வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று தாளைப் படித்தார்.

"பதிவு சரியா இருக்கு. வளை உன்னோடதுதாம்மா. பெருச்சாளி மனு தள்ளுபடி."

செங்கமலம் துள்ளினாள். "அப்ப வீட்டுக்குப் போலாங்களா?"

"அதெப்படி? நீ மியூசியம் சொத்து. உன் வளையும் இப்ப மியூசியம் சொத்து."

மறுநாளே வளையைச் சுற்றிக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்தார்கள். பாதுகாப்புக்கு ஒரு காவலாளி வேண்டியிருந்தது. வளையைப் பற்றி நன்கு விசாரித்து வைத்திருந்தவர் குழந்தைவேலு ஒருவர்தான் என்பதால் அவரையே நியமித்தார்கள். காவலாளி குடும்பத்தோடு உள்ளேயே தங்க வேண்டும் என்பது பணி நிபந்தனை.

செய்தி கண்ணாடிக்குள் இருந்த செங்கமலத்துக்கும் எட்டியது. இரண்டு நாள் கிழங்கைத் தொடாமல் உட்கார்ந்து, 'என்னை என் வீட்டுக்கு விடுங்கள்' என்று முடியும் ஒரு நீண்ட மனுவை முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, கண்ணாடி இடுக்கு வழியாக நீட்டினாள்.

ஆராவமுதன் படித்தார், தேம்பித் தேம்பி அழுதார். பிறகு அதை அவள் பக்கத்திலேயே, பார்வையாளர்களுக்குத் தெரியும்படி மாட்டிவைத்தார். அந்த வாரம் கூட்டம் தாங்கவில்லை.

நீதி: மனுவைக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். கையெழுத்து நன்றாக இருந்தால் ஃபிரேம் போட்டு மாட்டுவார்கள்.